களவாடிய கொடுக்குடன் கரையொதுங்கும் நீல நத்தை: கடற்கரைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: தம்பானூரில் மத்திய ரயில் நிலையத்திலோ அதன் எதிரேயுள்ள அரசுப் பேருந்து நிலையத்திலோ வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகளில் பலர், அன்று மாலைக்குள் கடலைப் பார்த்துவிட விரும்புகின்றனர். அங்கிருந்து சங்குமுகம் கடற்கரை ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவிலும், கோவளம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலும் உள்ளன. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் கேரளக் கரையின் ஈர மணலில் கிளிஞ்சல், கடற்பாசி, தேங்காய் மட்டை ஆகியவற்றுக்கு இடையே கண்ணைப் பறிக்கும் நீல நிறத்தில் சில சிற்றுயிர்கள் ஒதுங்குவதுண்டு. நாணயம் போல் வட்டமாகச் சில, காற்றடைத்த சிறு பை போல் சில. அவற்றைக் குழந்தைகள் உள்ளங்கையில் எடுத்து வைத்துப் பார்ப்பதும், பெரியவர்கள் கைப்பேசியில் படம் பிடிப்பதும் வழக்கமான காட்சிகள்.

இந்த நீல உயிர்களுள் பெரும்பாலானவை கொட்டும் தன்மை கொண்டவை. இவற்றைத் தின்று, இவற்றின் கொடுக்கையே தன் ஆயுதமாக்கிக்கொண்டு வாழும் ஓடற்ற கடல் நத்தையும் ஒன்று உண்டு. 'நீல டிராகன்' என்ற பெயரில் சமூக ஊடகங்களில் வலம்வரும் இந்த நத்தை, 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் கரையொதுங்கியது. அப்போது அதன் அழகைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அதைக் கையில் எடுத்தால் என்ன நேரும் என்பது பேசப்படவில்லை.

கடலில் கொட்டும் உயிர்கள் தரும் துன்பத்தைத் திருவனந்தபுரம் கடலோர மக்கள் நன்கறிவர். மலையாளத்தில் 'கடல்சொறி' என்றும், கன்னியாகுமரி முதல் வடக்கே உள்ள தமிழ் மீனவர்களிடையே 'சொறி' என்றும் வழங்கும் ஜெல்லி மீன்கள், மழைக்காலத்தில் வலை நிறைய வந்து மீன்பாட்டைக் கெடுப்பவை. 2022ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இம்மாவட்டத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர், வலையில் சிக்கிய சொறியை அகற்றும்போது அது கண்ணில் பட்டதால் பாதிக்கப்பட்டு, சில நாள்களில் மருத்துவமனையில் உயிரிழந்தார். உயிரிழப்பு வரை செல்லும் நிகழ்வுகள் அரியவை. எனினும், சொறி பட்ட கையால் கண்ணைத் தொடக் கூடாது என்று மூத்த மீனவர்கள் இளையோருக்குச் சொல்லும் எச்சரிக்கை வெறும் வழக்குச் சொல் அன்று என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

கடல் அட்டை வேறு, இது வேறு

இந்த நத்தை இனத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் இல்லாதது ஒரு குறை. ஆங்கிலப் பெயரை நேர்பெயர்ப்பாக 'கடல் அட்டை' என்று சிலர் எழுதுகின்றனர். தமிழ்க் கடலோரத்தில் கடல் அட்டை என்றால் அது முற்றிலும் வேறு உயிர். நட்சத்திர மீனின் உறவான முட்தோலி. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கிடைப்பது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பிடிக்கத் தடை செய்யப்பட்டது. கடத்தல் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுவது. இங்கே பேசப்படுவதோ சங்கு, சிப்பி, தோட்டத்து நத்தை ஆகியவற்றைப் போன்ற மெல்லுடலி. முட்டைக்குள்ளிருந்து வெளிவரும் குஞ்சுப் பருவத்தில் இதற்கும் சிறு ஓடு உண்டு. வளரும்போது அதை உதிர்த்துவிடுகிறது. அறிவியலார் இக்குழுவை 'நியூடிபிராங்க்' என்கின்றனர். 'திறந்த செவுள்' என்பது அதன் பொருள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 3,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன.

ஓடு இல்லாத நத்தை, பசியோடு அலையும் மீனுக்கு எளிய இரையாக வேண்டும். ஆனால் நடைமுறையில் பெரும்பாலான மீன்கள் இவற்றை ஒதுக்கிவிடுகின்றன. மஞ்சள், ஊதா, செம்மை, கருநீலம் என இவை அணிந்திருக்கும் நிறங்களுள் பல, 'என்னைத் தின்னாதே' என்னும் அறிவிப்புப் பலகைகள். அந்த அறிவிப்புக்குப் பின்னால் உண்மையான தண்டனையும் இருக்கிறது. தண்டனைக்கான கருவி எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்நத்தைகள் இரு பெரும் பிரிவுகளாகப் பிரிகின்றன. ஒரு பிரிவு கடற்பஞ்சு முதலியவற்றைத் தின்று, அவற்றிலுள்ள கசப்பும் நச்சுமான வேதிப்பொருள்களைத் தன் தோலில் சேர்த்துவைக்கிறது. கறுப்புப் பட்டைகளும் மஞ்சள் நுனிக் கொப்புளங்களும் கொண்ட ஃபில்லிடியா இதற்கு எடுத்துக்காட்டு. அது சுரக்கும் சளி, தொட்டியில் உடனிருந்த மீன்களையும் இறால் வகைகளையும் கொன்றதாக 1963இல் அறிவியல் இதழில் பதிவானது. மற்றொரு பிரிவு 'ஈயோலிட்' எனப்படுவது. முதுகெங்கும் விரல் போன்ற நீட்சிகளைக் கொண்ட இந்த நத்தைகள்தாம் கொட்டும் உயிர்களைத் தின்பவை.

ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள்

ஜெல்லி மீன், கடல் சாமந்தி, பவளம், ஹைட்ரா ஆகிய அனைத்தும் 'நிடேரியா' என்னும் ஒரே தொகுதியைச் சேர்ந்தவை. இவற்றின் உணர்நீட்சிகளில் கொட்டும் செல்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 'நிமட்டோசிஸ்ட்' எனும் நுண்ணிய நச்சு உறை இருக்கிறது. அதனுள் சுருட்டிவைத்த கயிறு போல் உள்ளீடற்ற நூல் ஒன்று மடங்கிக் கிடக்கிறது. உறைக்குள் நிலவும் அழுத்தம் ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். கார் டயரில் அடைக்கும் காற்றோடு ஒப்பிட்டால் அது பல பத்து மடங்கு.

இரை தொட்ட கணத்தில் உறையின் மூடி திறக்கிறது. நூல் உட்புறம் வெளிப்புறமாகப் புரண்டு பாய்கிறது. ஹைட்ராவில் இது எவ்வளவு வேகமாக நிகழ்கிறது என்பதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் நொடிக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுக்கும் கருவியால் அளந்து 2006இல் வெளியிட்டனர். பாய்ச்சலின் முதற்கட்டம் 700 நானோ நொடிகளில், அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகிறது. அப்போது எட்டப்படும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 50 லட்சம் மடங்குக்கு மேல். உயிருலகில் அறியப்பட்ட மிக விரைவான அசைவுகளுள் இதுவும் ஒன்று.

இந்தப் பொறிக்கு மூளையின் கட்டளை தேவையில்லை. செல் தனித்து நின்றே வெடிக்கும். கரையொதுங்கி இறந்த ஜெல்லி மீனும், அறுந்து மிதக்கும் உணர்நீட்சித் துண்டும் கொட்டுவதற்குக் காரணம் இதுவே. 'செத்ததுதானே' என்று கையில் எடுப்பவர்கள் ஏமாறுவதும் இதனால்தான்.

களவு நடக்கும் விதம்

இத்தகைய இரையை ஈயோலிட் நத்தை எப்படித் தின்கிறது? அதற்குப் பல தடுப்புகள் இருக்கின்றன. வாயின் உட்புறமும் உணவுப்பாதையின் முன்பகுதியும் கடினமான படலத்தால் போர்த்தப்பட்டுள்ளன. தோல் செல்களுக்குள், பூச்சிகளின் ஓடு உருவாகும் கைட்டின் என்னும் பொருளாலான நுண்மணிகள் கேடயம் போல் நிறைந்திருக்கின்றன. உடலை மூடியிருக்கும் சளி, கொட்டும் செல்களை வெடிக்கவிடாமல் அடக்குகிறது. குளிர்க்கடலில் கடல் சாமந்தியைத் தின்னும் ஈயோலிட் ஒன்றை ஆராய்ந்தபோது, அது அப்போது தின்றுவந்த சாமந்தி இனத்துக்கு ஏற்பவே அதன் சளி பாதுகாப்பளித்தது தெரியவந்தது. இரையை மாற்றியதும் சில வாரங்களில் சளியின் தன்மையும் மாறிக்கொண்டது.

தின்ற பிறகு நிகழ்வதே வியப்புக்குரியது. நச்சு உறைகளுள் ஒரு பகுதி செரிக்கப்படாமல், முதுகிலுள்ள விரல் போன்ற நீட்சிகளுக்குள் நீளும் உணவுப்பாதைக் கிளைகள் வழியே நுனிவரை செல்கிறது. நுனியில் சிறு பை ஒன்று உண்டு. அதன் செல்கள் அந்த உறைகளை விழுங்கிப் பத்திரப்படுத்துகின்றன. மீன் கடிக்க வந்தால் நத்தை அந்த நுனிகளை நிமிர்த்துகிறது. பை அழுந்த, உறைகள் வெளியேறி வெடிக்கின்றன. கொட்டியது நத்தை, கொடுக்கு ஜெல்லி மீனுடையது.

ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் இதை எளிதில் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நத்தையின் நுனிப்பைகளில் நச்சு உறைகளைக் கண்டவர்கள், அவை நத்தையே உருவாக்கியவை என்று கருதினர். ஒரு விலங்கின் உறுப்பை மற்றொரு விலங்கு தின்று, கெடாமல் எடுத்துப் பயன்படுத்துவது அவர்களின் கற்பனைக்கு எட்டாததாக இருந்தது. அவை இரையிடமிருந்து வந்தவை என்று ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரெத்தில் ரைட் 1858 வாக்கில் கூறினார். 1903இல் குரோவனர் என்பவர் சோதனைகள் மூலம் அதை உறுதிசெய்தார். நத்தையின் இரை மாறும்போது அதன் பையிலிருக்கும் உறைகளின் வகையும் மாறுவது முக்கியச் சான்றாயிற்று.

எஞ்சியிருந்த புதிர், கடித்து மெல்லும்போது ஏன் எல்லா உறைகளும் வெடித்துவிடுவதில்லை என்பது. முதிர்ந்த உறைகள் வெடித்து வீணாகின்றன என்றும், இன்னும் முதிராத உறைகளே நத்தையின் உடலுக்குள் சென்று அங்கே முதிர்கின்றன என்றும் பின்னாளைய ஆய்வுகள் விடையளிக்கின்றன. பைக்குள் சென்ற உறைகளில் படிப்படியாக அமிலத்தன்மை ஏறுவதை, அமிலத்துக்கேற்ப ஒளிரும் சாயம் கொண்டு 2012இல் ஜெர்மனியில் காட்டினர். உறைக்குள் அழுத்தம் உயர்வதும் இந்த அமிலமேற்றத்தோடு தொடர்புடையது. சுருங்கச் சொன்னால், நத்தை திருடிவருவது பாதி செய்த வெடி. மருந்து கிட்டிப்பது அதன் வீட்டில்.

இத்தாலியின் சிசிலித் தீவுக் கடலில் வாழும் கிரட்டெனா என்ற ஈயோலிட், இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அது தின்பது ஹைட்ராய்டு என்னும் செடி போன்ற கொட்டும் உயிரின் மொட்டுகளை. வயிறு காலியான மொட்டுகளைவிட, அப்போதுதான் மிதவையுயிரிகளைப் பிடித்துத் தின்ற மொட்டுகளை அது இரு மடங்கு விரும்பித் தாக்குவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே வாயில் இரையையும் இரையின் இரையையும் சேர்த்து உண்ணும் உத்தி இது.

எல்லா ஈயோலிட்களும் திருடுவதில்லை. கல்பவளத்தைத் தின்னும் ஃபெஸ்டில்லா இனங்களுக்குக் கொடுக்குச் சேமிப்பு கிடையாது. தான் மேயும் பவளத்தின் நிறத்திலேயே இருந்து கண்ணில் படாமல் தப்புவதே அவற்றின் வழி. மென்பவளங்களை மேயும் வேறு சில இனங்கள், பவளத்துக்குள் வாழும் ஒற்றைச்செல் பாசிகளை உயிரோடு எடுத்துத் தம் உடலில் குடியேற்றி, அவை வெயிலில் தயாரிக்கும் உணவில் பங்கு பெறுகின்றன.

தலைகீழாக மிதக்கும் நீல டிராகன்

பெசன்ட் நகரில் ஒதுங்கிய நத்தையின் அறிவியல் பெயர் கிளாக்கஸ் அட்லாண்டிகஸ். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன்சென்ற ஃபார்ஸ்டர், 1777இல் இதை விவரித்தார். பெயரில் அட்லாண்டிக் இருந்தாலும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களிலும் வெப்பப் பகுதிகளில் காணப்படுகிறது. இதன் நீளம் பெரும்பாலும் 3 சென்டிமீட்டர் அளவே. கட்டைவிரலின் மேல் கணுவுக்குச் சற்றே கூடுதல். படங்களில் பிரம்மாண்டமாகத் தோன்றும் இதை நேரில் காண்போர், 'இவ்வளவுதானா' என்று கேட்பது இயல்பு.

மற்ற நியூடிபிராங்குகள் கடலடிப் பாறைகளில் ஊர்ந்து வாழ, இது கரை காணாத நடுக்கடலின் மேற்பரப்பில் வாழ்கிறது. காற்றுக் குமிழியை விழுங்கி இரைப்பையில் தேக்கிக்கொண்டு, மல்லாந்த நிலையில் மிதக்கிறது. எனவே, மேல்நோக்கி இருப்பது உண்மையில் அதன் வயிற்றுப்புறம். அது நீலம், மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடல்நீரோடு கலந்துவிடும். கீழ்நோக்கியிருக்கும் முதுகுப்புறம் வெள்ளி சார்ந்த சாம்பல் நிறம். கீழிருந்து பார்க்கும் மீனுக்கு ஒளிரும் வானத்தோடு மறைந்துவிடும்.

இதன் உணவுப் பட்டியலில் முதலிடம் ஃபைசேலியாவுக்கு. ஆங்கிலத்தில் போர்ச்சுகீசியப் போர்க்கப்பல் எனப் பொருள்படும் பெயரும், 'நீலப் புட்டி' என்னும் பெயரும் இதற்குண்டு. காற்றடைத்த நீல நிறப் பை ஒன்று பாய்மரம் போல் நீர்மேல் நிற்க, கீழே உணர்நீட்சிகள் தொங்கும். பெரிய அட்லாண்டிக் வகையில் இவை 30 மீட்டர் வரை நீளக்கூடும். பார்வைக்கு ஜெல்லி மீன் போலிருந்தாலும் இது ஒற்றை விலங்கு அன்று. மிதத்தல், இரை பிடித்தல், செரித்தல், இனப்பெருக்கம் என வேலை பிரித்துக்கொண்ட பல நூறு சிற்றுயிர்களின் கூட்டுக்குடும்பம். உலகெங்கும் ஒரே இனம் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதில், குறைந்தது நான்கு இனங்கள் உள்ளன என மரபணு ஆய்வு 2025இல் தெரிவித்தது. 2018 ஆகஸ்டில் மும்பையின் ஜுஹு உள்ளிட்ட கடற்கரைகளில் ஏறத்தாழ 150 பேரைக் கொட்டியதாகச் செய்திகளில் வந்தது இந்த நீலப் புட்டியே.

நாணயம் போன்ற வட்டமான 'நீலப் பொத்தான்' எனப்படும் போர்பிட்டாவும், முக்கோணப் பாய் கொண்ட வெலெல்லாவும் இந்நத்தையின் மற்ற இரைகள். இவற்றின் கொட்டு மனிதருக்குப் பெரும்பாலும் லேசான அரிப்போடு நின்றுவிடும். நத்தை இவற்றைக் கவ்விப் பிடித்துத் துண்டு துண்டாக அரித்துத் தின்கிறது. தின்று முடித்த இரையின் எஞ்சிய கூட்டிலேயே முட்டைச்சரங்களை இடுவதும் உண்டு. நடுக்கடலில் முட்டையை ஒட்டிவைக்க வேறு தரை ஏது! ஒவ்வொரு நத்தையும் ஒருங்கே ஆணும் பெண்ணுமாதலால், இணைந்த இரண்டுமே முட்டையிடும். ஒரே பாத்திரத்தில் அடைத்துவைத்தால் ஒன்றையொன்று தின்பதும் அறியப்பட்டதே.

ஃபைசேலியாவிடமிருந்து பெற்ற நச்சு உறைகளை விரல் நுனிகளில் செறிவாகத் திரட்டிவைப்பதால், நத்தையின் கொட்டு சில வேளைகளில் ஃபைசேலியாவின் கொட்டைவிடக் கடுமையாக இருக்கக்கூடும். ஆகவேதான் 2025 ஆகஸ்டில் ஸ்பெயினின் குவார்தமார் டெல் செகுரா நகரக் கடற்கரையில் ஒன்றிரண்டு நீல டிராகன்கள் காணப்பட்டதற்கே, நகர நிர்வாகம் குளிப்பதற்குத் தடை விதித்தது. தடை தேவைதானா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், நத்தை ஒதுங்கிய கரையில் அதன் இரையும் அருகே மிதந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்ற கணக்கு சரியானதே.

இந்த உயிர்கள் தாமாகக் கரையை நாடி வருவதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளிய திசையில் செல்வதைத் தவிர அவற்றுக்கு வழியில்லை. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று, கிழக்குக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றும் புயல்களும் இவற்றைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. ஒதுங்கியவை பெரும்பாலும் அங்கேயே காய்ந்து மடிகின்றன.

திருகோணமலை மருத்துவர் வரைந்த படங்கள்

தென்னிந்திய, இலங்கைக் கடல் நத்தைகள் பற்றிய ஆய்வுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னை மாகாண அதிகாரியான வால்டர் எலியட், 1850களில் விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேர் கரையில் நத்தைகளைத் திரட்டி, உள்ளூர் ஓவியர்களைக் கொண்டு வண்ணப்படங்கள் வரையச் செய்தார். அமராவதிச் சிற்பங்களோடு தொடர்புபடுத்தி வரலாற்று மாணவர்கள் அறிந்த அதே எலியட்தான். அந்தச் சேகரிப்பை வைத்து இங்கிலாந்தின் ஆல்டரும் ஹான்காக்கும் 1864இல் வெளியிட்ட கட்டுரையில் புதிய இனங்கள் பல இடம்பெற்றன. நத்தைப் பேரினம் ஒன்றுக்குக் 'கலிங்கா' என்றே பெயர் வைத்தனர். ஓர் ஈயோலிட்டுக்கு, போர்வீரன் எனப் பொருள்படும் 'மிலிட்டாரிஸ்' என்ற பெயர் கிடைத்தது. அது இன்று ஃபிடியானா மிலிட்டாரிஸ் எனப்படுகிறது. படம் வரைந்த ஓவியர்களின் பெயர்கள் மட்டும் அந்தக் கட்டுரையின் புகழில் பங்குபெறவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்டு ஃபிரெடரிக் கெலார்ட், முத்துச்சிப்பி ஆய்வுக்கிடையே திருகோணமலைக் கரையின் நத்தைகளை உயிரோடு பார்த்து, நிறம் மாறாமல் வரைந்து விவரித்தார். 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே அவர் காலமானார். இந்நத்தைகளைச் சாராயத்தில் இட்டால் நிறம் முழுவதும் கரைந்து வெளிறிப்போகும் என்பதால், அவர் விட்டுச்சென்ற படங்களே பின்வந்தோருக்கு ஆதாரமாயின. பிரிட்டிஷ் ராஜதந்திரியும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தருமான சார்லஸ் எலியட், நியூகாசில் அருங்காட்சியகத்தில் இருந்த அந்தப் படங்களைக் கொண்டு, தென்னிந்திய, இலங்கை நத்தைகள் குறித்து 1906இல் விரிவான கட்டுரை எழுதினார். அண்மைக்காலத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பணியாற்றிய தீபக் ஆப்தே, லட்சத்தீவு முதல் பல கடற்பகுதிகளில் இவ்வுயிர்களை ஆவணப்படுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர்.

விழிஞ்ஞம் பார்களும் மிதக்கும் குருணைகளும்

கிளாக்கஸ் போல் மிதக்காத, பாறையில் ஊரும் ஈயோலிட்களுக்கு ஹைட்ராய்டுகள் படர்ந்த இடமே வீடு. திருவனந்தபுரம் கடலோரம் அதற்கு ஏற்றது. கோவளம் முதல் விழிஞ்ஞம் வரை பாறைகள் கடலுக்குள் இறங்குகின்றன. கடலடிப் பாறைத் தொடர்களை இங்குள்ள மீனவர்கள் 'பார்' என்கின்றனர். தூத்துக்குடியின் முத்துப்பாரிலும் இதே சொல்தான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் விழிஞ்ஞத்தில் இயங்குகிறது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் துறை காரியவட்டத்தில் உள்ளது. மீனவர் குடும்பப் பின்னணியுடையோர் நடத்தும் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்' அமைப்பு, மீனவர்களின் வாய்மொழி அறிவைத் துணைகொண்டு இப்பார்களில் மூழ்கிப் படமெடுத்துப் பதிவுசெய்து வருகிறது. நங்கூரக் கயிற்றிலும் படகின் அடியிலும் பாசி போல் படர்ந்து, கை பட்டால் அரிப்பெடுக்கச் செய்யும் 'செடி' உண்மையில் செடி அன்று, ஹைட்ராய்டு விலங்கு. அதன் கிளைகளுக்கிடையே உற்றுப் பார்த்தால், அரிசி மணி அளவிலிருந்து விரலளவு வரையிலான நத்தைகள் தென்படக்கூடும்.

காற்று தள்ளிய திசையில் கடலின் மேற்பரப்பில் செல்பவை உயிர்கள் மட்டும் அல்ல. 2025 மே 25 அன்று, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 640 பெட்டகங்களுடன் கேரளக் கடலில் மூழ்கியது. அடுத்த நாள்களில் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் வெண்ணிறப் பிளாஸ்டிக் குருணைகள் கணக்கின்றி ஒதுங்கின. தன்னார்வலர்கள் முறம், சல்லடை கொண்டு மணலைச் சலித்து அவற்றைப் பிரித்தெடுத்தனர். நீலப் பொத்தானும் நீலப் புட்டியும் அவற்றைத் தின்னும் நத்தையும் வாழும் அதே மெல்லிய நீர்ப்பரப்பில்தான் எண்ணெய்ப் படலமும் மிதக்கிறது, பிளாஸ்டிக்கும் மிதக்கிறது. ஆழத்துக்கு இறங்கித் தப்பும் வழி அந்த உயிர்களுக்கு இல்லை.

கொட்டிவிட்டால் செய்ய வேண்டியவை

கரையில் நீல நிற உயிர் எதையும் வெறுங்கையால் தொடாமல் இருப்பதும், அவை ஒதுங்கிக் கிடக்கும் நாளில் வெறுங்காலுடன் நீர்விளிம்பில் நடப்பதைத் தவிர்ப்பதும் நல்லது. 'பாவம், கடலில் விட்டுவிடலாம்' என்று எண்ணி எடுப்பவர்களுக்கே கொட்டு அதிகம் கிடைக்கிறது. குச்சியாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ எடுத்தாலும், கடலில் விட்டது அடுத்த அலையில் மீண்டும் கரைக்கே வரும்.

கொட்டிவிட்டால் முதலில் நீரைவிட்டு வெளியேற வேண்டும். தேய்க்கக் கூடாது, மணலைப் பூசக் கூடாது. தேய்க்கும்போது வெடிக்காதிருந்த உறைகளும் வெடிக்கும். சிறுநீர் ஊற்றுவது பரவலான நம்பிக்கை. அதனால் பயன் இல்லை. நீலப் புட்டியின் கொட்டுக்குக் கடல்நீரால் கழுவி, ஒட்டியுள்ள நூல்களை இடுக்கியால் அகற்ற வேண்டும். குழாய் நீர் எஞ்சிய உறைகளைத் தூண்டக்கூடும் என்பதால், கழுவக் கடல்நீரே ஏற்றது. வினிகர் ஊற்றுவது பெட்டி ஜெல்லி மீன் கொட்டுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. நீலப் புட்டியைப் பொறுத்தவரை வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

நூல்களை அகற்றிய பின் வலிக்குச் சிறந்தது, தோல் தாங்கும் அளவு வெந்நீர்; ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ். ஆஸ்திரேலியாவில் நீலப் புட்டியால் கொட்டப்பட்ட 96 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிடப்பட்ட மருத்துவச் சோதனையில், 20 நிமிடங்களில் வெந்நீர்ச் சிகிச்சை பெற்றோரில் 87 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது. பனிக்கட்டி வைத்தவர்களில் இது 33 விழுக்காடு மட்டுமே. கொட்டிய இடம் வெப்பத்தைச் சரியாக உணராது என்பதால், கொட்டுப்படாத மற்றொரு கையால் சூட்டைச் சோதித்த பிறகே வெந்நீரில் அமிழ்த்த வேண்டும். சிறுவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவை.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், வாந்தி ஆகியவை தோன்றினாலோ, கண்ணிலோ முகத்திலோ கொட்டினாலோ, வீட்டு வைத்தியத்தில் நேரம் போக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனை செல்ல வேண்டும்.

ஒதுங்கிய உயிரைப் படமெடுப்போர், அளவு தெரிய அருகே ஒரு நாணயத்தை வைத்து, தேதியையும் இடத்தையும் குறித்து, 'ஐநேச்சுரலிஸ்ட்' போன்ற பொதுமக்கள் அறிவியல் தளங்களில் பதிவேற்றலாம். நீல டிராகன் என்று பகிரப்படும் படங்களில் பல, பாறையில் ஊர்ந்து வாழும் டெரயோலிடியா என்ற நீளமான வேறு இனத்துடையவை. அதற்கும் ஆங்கிலத்தில் அதே செல்லப்பெயர் உண்டு. உடலின் இருபுறமும் விசிறி போல் விரிந்த விரல்களுடன் குட்டையாக இருந்தால் கிளாக்கஸ். பூரான் போல் நீண்டு நெளிந்தால் டெரயோலிடியா.